கட்டடம் நல்ல நிலையில் உள்ளது

அங்க வேணாம் சார், இந்தப் பக்கம் வாங்க. வாசலை ஒட்டி உட்காருங்க. இல்லல்ல, அந்த மூலைக்கு ஒண்ணுமில்ல, அது நல்லாத்தான் இருக்கு. இங்கன்னா காத்து வரும், அதுக்குச் சொன்னேன். வண்டிய வேப்பமரத்தடியிலயே விட்டுட்டு வந்துட்டீங்களா? நனைஞ்சா நனையட்டும். இந்த மழையில எங்க போவீங்க, விட்டதும் போங்க. சத்தம் மட்டும் போட்டுராதீங்க, புள்ளைங்க இப்பத்தான் தூங்குதுங்க. நானும் மெதுவாத்தான் பேசுவேன். பேசாம இருந்தா காது மேலேயே போயிருது சார், அதான் யாராவது வந்தா பேசிக்கிட்டே இருக்கேன்.

நான்தான் இந்த அங்கன்வாடியில பணியாளர். ஊர்ல டீச்சர்ம்பாங்க. பேரு தவமணி. அந்தா அடுப்படியில பாத்திரம் கழுவுறாங்களே, அவங்க காளியக்கா, சமைக்கிறவங்க. ரெண்டே பேருதான். சோறு போடுறது, பாட்டுச் சொல்லிக் கொடுக்குறது, எடை போடுறது, மூக்குத் துடைக்குறது எல்லாம் நாங்கதான். மேல பாக்குறதும் நாங்கதான்.

நீங்களும் மேல பாக்குறீங்க. பயப்படாதீங்க சார். இது சாதாரணக் கட்டடம்னு நினைச்சிராதீங்க, சட்டசபை வரைக்கும் போன கட்டடம். நம்ம வேலாயிபட்டிக் கட்டடம் நல்ல நிலையில இருக்குன்னு மந்திரியே எந்திரிச்சு நின்னு சொல்லியிருக்காரு. வேற எந்த ஊர்க் கட்டடத்துக்கு அப்படி ஒரு பேச்சு கிடைச்சிருக்கு சொல்லுங்க.

எல்லாம் முத்துப்பேச்சி செஞ்ச வேலை. அந்தா, எதுத்தாப்புல நீலக் கதவு தெரியுதுல்ல, அதான் அவ வீடு. அவ மகன் வெற்றி இங்கதான் படிக்கிறான். இந்தா, வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குறான் பாருங்க, சிவப்புச் சட்டை. போன கோடையில புள்ளைங்க சாப்பிட்டுக்கிட்டிருக்கப்ப மேல இருந்து காரை ஒரு துண்டு பேந்து விழுந்துச்சு. வெற்றி தட்டுல விழுந்துச்சு. தலையில விழலை சார், தட்டுலதான். சோத்தைக் கொட்டிட்டு வேற சோறு போட்டோம், முட்டைகூட புதுசா வச்சோம். இதுக்கு மேல என்ன செய்யணும்? ஆனா அவ ஓடி வந்தா. என்னையத் திட்டலை. அந்தக் காரைத் துண்டை எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போயிட்டா. திட்டியிருந்தாக்கூட தேவலைன்னு இருந்துச்சு எனக்கு.

அப்புறம் தண்ணித்தொட்டி திறக்க எம்.எல்.ஏ. வந்தாரு. மாலை, வேட்டு, பொன்னாடை எல்லாம் நடந்துக்கிட்டிருக்கு. இவ கூட்டத்துல புகுந்து, முந்தானையை அவுத்து, அந்தக் காரைத் துண்டை அவர் கையில வச்சுட்டா. இது என் மகன் சோத்துல விழுந்ததுய்யான்னாளாம். அவரு அதைக் கொஞ்ச நேரம் உருட்டி உருட்டிப் பாத்துட்டு சட்டைப் பையில போட்டுக்கிட்டாராம். அத்தோட முடிஞ்சுதுன்னு நினைச்சோம். பெரிய மனுசங்க பைக்குள்ள போனது எதும் திரும்பி வர்றதில்லையே.

வந்துச்சு சார். ஒருநாள் காலையில போன் வந்துச்சு. எங்க சூப்பர்வைசர் ரெஜினா மேடம். நல்ல மாதிரி, அதட்டிப் பேச மாட்டாங்க. அன்னைக்குக் குரலே வேற மாதிரி இருந்துச்சு. "தவமணி, உன் சென்டர் சட்டசபைக்குப் போயிருச்சு" அப்படின்னாங்க.

நம்ம எம்.எல்.ஏ. மந்திரியப் பாத்துக் கேள்வி போட்டிருக்காரு. மந்திரிக்குப் பதில் வேணும். சென்னையில ஒரு அதிகாரி பயந்துபோயி மாவட்டத்துக்குப் பேச, மாவட்டத்துல பயந்துபோயி வட்டாரத்துக்குப் பேச, வட்டாரத்துல இருந்து ரெஜினா மேடத்துக்கு வந்து, கடைசியில அம்புட்டுப் பயமும் என் போன்ல வந்து இறங்கிருச்சு. எனக்குக் கீழ யாரு இருக்கா? காளியக்காதான். அவங்ககிட்ட போன் கிடையாது.

மேடம் கேள்வியை வாசிச்சுக் காட்டுனாங்க. வேலாயிபட்டி அங்கன்வாடி மையக் கட்டடம் பழுதடைந்துள்ளதை அரசு அறியுமா, ஆம் எனில் புதிய கட்டடம் கட்ட அரசு ஆவன செய்யுமா. இதுதான் கேள்வி. பழுதுங்கிற வார்த்தையிலயே நான் நின்னுட்டேன் சார். அதுக்குப் பிறகு அவங்க வாசிச்சது எதும் காதுல ஏறலை. ஏறியிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது. கேள்விய யாரைப் பாத்துக் கேட்டாலும், எங்க இலாகாவுல அது கடைசியில யாரு மேல வந்து விழும்னு எனக்குத் தெரியாதா?

பக்கத்து ஊர்ல வனிதான்னு ஒரு டீச்சர். அவ சென்டருக்குள்ள பாம்பு வந்துருச்சு. யாரோ படம் புடிச்சுப் பேப்பர்ல போட்டுட்டாங்க. பாம்பு வந்ததுக்கு அவ என்ன செய்வா? ஆனா விளக்கம் கேட்டது அவகிட்டத்தான், பாம்புகிட்ட இல்ல. மலை மேல ஒரு ஊருக்குத் தூக்கிப் போட்டுட்டாங்க. பஸ் போகாத ஊரு. என் வீட்டுக்காரரு மில்லு விபத்துக்குப் பிறகு வேலைக்குப் போறதில்ல சார். என் மகளை டவுனுல கான்வென்ட்டுல போட்டிருக்கேன். என்னால மலையேற முடியுமா?

அதான் சொன்னேன். "கட்டடம் நல்லா இருக்கு மேடம்" அப்படின்னேன். மேடம் பெருமூச்சு விட்டது போன்லயே கேட்டுச்சு. அதான் தவமணி எனக்கும் வேணும், போட்டோ எடுத்து அனுப்பிருன்னாங்க. பொய் சொன்னேன்னு நினைக்காதீங்க. அன்னைக்கு வெயில் காலம். ஒரு சொட்டு ஒழுகலை.

போட்டோவுக்காக வெள்ளையடிச்சோம். பெயிண்டர் துரைப்பாண்டியக் கூட்டியாந்து முயல், கிளி எல்லாம் வரையச் சொன்னேன். அவன் சுவத்தைத் தடவிப் பாத்துட்டு, அக்கா இந்த விரிசல் வெள்ளையடிச்சா மறையாது, பேசாம இதையே கொடியாக்கிருவோமேன்னான். கெட்டிக்காரப் பய. விரிசல் போன போக்குலயே பச்சையா ஒரு கொடி வரைஞ்சு, அங்கங்க இலை வச்சு, ரெண்டு பூவும் வச்சுட்டான். அந்தா, அந்த மூலையில கீழ இருந்து ஏறி மேல வரைக்கும் போகுதுல்ல, அதான். போட்டோவைப் பாத்துட்டு மாவட்டத்துல எல்லாருக்கும் புடிச்சுப் போச்சாம். மத்த சென்டருக்கும் இப்படிக் கொடி வரைங்கன்னு சொன்னாங்களாம்.

பதில் வந்த அன்னைக்கு ரெஜினா மேடம் மைசூர்பாகு வாங்கிட்டு நேர்லயே வந்தாங்க. போன்ல பாத்து வாசிச்சாங்க. மையக் கட்டடம் நல்ல நிலையில் உள்ளது, ஆதலால் புதிய கட்டடம் பற்றிய வினா எழவில்லை. எம்.எல்.ஏ. அந்தக் காரைத் துண்டைக் காட்டுறதுக்குப் பைக்குள்ள கையை விட்டுக்கிட்டே எந்திரிச்சாராம். அதுக்குள்ள அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்களாம். நாங்க மூணு பேரும் இதே இடத்துல உட்காந்து மைசூர்பாகு தின்னோம். காளியக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அன்னைக்கு நான் நிம்மதியாத் தூங்குனேன் சார். அதுதான் கடைசி.

ஏன்னா அதுக்குப் பிறகு மழை வந்துருச்சு.

நீங்க அங்க பாக்காதீங்க சார், அது தண்ணி சொட்டுற சத்தம். வாளி வச்சிருக்கேன். முதல்ல வாளிச் சத்தம் கேட்டாப் புள்ளைங்க சிரிக்கும், இப்பப் பழகிருச்சு. ஒழுகுறது ஒரு பெரிய விசயமில்ல. ஒழுகாத கட்டடம் எங்க இருக்கு? மேல் தளத்துல கம்பி தெரியுறதும் அப்படித்தான், உள்ள கம்பி இருந்தாத்தானே தெரியும். எனக்கு அந்தக் கொடிதான் பயம். ஒருநாள் காலையில கதவைத் திறந்தேன், வெற்றி ஓடிப் போய்ப் பாத்துட்டு, டீச்சர் கொடி வளந்துருக்குன்னு சொல்றான். நிசமாவே வளந்திருந்துச்சு. துரைப்பாண்டி முடிச்ச இலைக்கு அப்பால, வெள்ளைச் சுவத்துல, கறுப்பா மயிர் மாதிரி ஒரு கோடு.

மீந்த பச்சைப் பெயிண்டு இருந்துச்சு. முக்காலி போட்டு ஏறி அந்தக் கோட்டு மேல இலை வரைஞ்சேன். அடுத்த மழைக்கு மறுபடியும் வளந்துச்சு. மறுபடியும் வரைஞ்சேன். புள்ளைங்களுக்குக் கொண்டாட்டம், எங்க டீச்சர் வரையுற கொடி வளருதுன்னு வீட்டுல போய்ச் சொல்லியிருக்குங்க. இப்ப அது சுவத்தைத் தாண்டி மேல் தளத்துக்குப் போயிருச்சு. அங்க என் கை எட்டலை.

ரெஜினா மேடத்துக்கிட்ட சொல்லாம இருப்பேனா? சொன்னேன். அவங்க முகம் வெளிறிப்போச்சு. "அமைச்சர் பேரவையில சொன்னது தப்புன்னு நீ எழுதித் தர்றியா தவமணி? நான் கையெழுத்துப் போடணுமா?" அப்படின்னாங்க. உரிமை மீறல்னு ஒண்ணு இருக்காம். சபையில தப்பான தகவல் சொல்ல வச்சுட்டாங்கன்னு கூப்பிட்டு நிறுத்திருவாங்களாம். அப்புறம் என் கையைப் புடிச்சுக்கிட்டு, நானும் புள்ளைகுட்டிக்காரிதான்மா, ஒரு மழைக்காலம் சமாளிச்சிருன்னாங்க. ஒன்றியத்து இன்ஜினியர் முன்னாடி எப்பவாவது வந்து எட்டிப் பாப்பாரு, ரிப்பேருக்கு எழுதுறேன்னு சொல்லுவாரு. இப்ப வர்றதில்ல. நல்ல கட்டடத்துக்கு எப்படிம்மா ரிப்பேர் எழுதுறதுன்னு கேக்குறாரு. பள்ளிக்கூடத்துல ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு. கேட்டா ஹெட்மாஸ்டர் தருவாரு. ஆனா எதுக்கு மாறுறீங்கன்னு ஒரு கேள்வி வரும்ல? இனி எந்தக் கேள்வியும் நம்ம சென்டரைத் தேடி வர வேணாம் சார்.

ஆனா நான் அக்கறை இல்லாம இருந்துரலை. மத்தியானம் தூங்க வைக்கிறப்ப அந்த மூலையக் கடைசியாத்தான் நிரப்புவேன். அந்தப் பக்கம் ஒழுகும், இந்தப் பக்கம் அடுப்படி, புள்ளைங்க எல்லாம் வந்துட்டா மூலையில ஒண்ணு படுத்துத்தான் ஆகணும். ஒரே புள்ளையத் தினமும் அங்க போட மனசு வருமா? அதனால முறை வச்சிருக்கேன். இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. யாரும் குறை சொல்ல முடியாது. முறை தப்பாமத்தான் போட்டிருக்கேன்.

என்ன சார், ஒரு மாதிரி பாக்குறீங்க?

வெற்றியோட முறை வந்த அன்னைக்குப் பாத்து முத்துப்பேச்சி எட்டிப் பாத்துட்டா. அவனைத் தூக்கத்துலயே தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டா. மறுநாள்ல இருந்து அனுப்பலை. அவ அனுப்பலைன்னதும் மேலத்தெருப் புள்ளைங்க நின்னுச்சு, அப்புறம் கீழத்தெரு நின்னுச்சு. சட்டியில சோறு அப்படியே கிடந்துச்சு, உட்காந்து சாப்பிட ஆளில்ல. புள்ளை வராத சென்டரைப் பக்கத்து ஊரோட சேத்துருவாங்க சார். அப்ப யாரு போவா? நான்தான் போவேன்.

நேத்து அவ வீட்டுக்கே போயிட்டேன். அந்த நீலக் கதவுப் படியில போய் நின்னேன், எனக்கு ரோசம் இல்லையான்னு கேளுங்க. மந்திரியே நல்லா இருக்குன்னு சொன்ன கட்டடம், நீ என்ன இன்ஜினியரா, ஏன்டி என் பொழப்புல மண்ணைப் போடுறன்னு கேட்டேன். அவ அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தா. முறத்தை வைக்கலை.

"மந்திரி சொன்னாரு, சரி. மந்திரிக்கு யாரு சொன்னா டீச்சர்?" அப்படின்னா.

அப்புறம் அவ முறத்தைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சா.

"நாளைக்கு உங்க மகளைக் கூட்டியாந்து அந்தக் கொடி மூலையில படுக்க வைங்க. நான் வந்து பாக்குறேன். படுத்திருந்தா என் மகனையும் அனுப்புறேன், இந்த ஊர்ப் புள்ளைங்க அத்தனையையும் நானே கூட்டியாந்து விடுறேன்."

இம்புட்டுத்தான் சொன்னா. சத்தம்கூடப் போடலை. நேத்து ராத்திரி முழுக்க என் வீட்டுக்காரரு வேணாம் வேணாம்னாரு. நான் கேக்கலை. காலையில கான்வென்ட் வேன் வந்துச்சு, காய்ச்சல்னு சொல்லி அனுப்பிட்டேன். அவளுக்கு ஒரே சந்தோசம், அம்மா பள்ளிக்கூடத்துக்கு வர்றேன்னு. முத்துப்பேச்சி சொன்ன சொல் தவறலை சார். மத்தியானம் வந்து வாசல்ல நின்னு, மூலையைப் பாத்தா. என் மகளைப் பாத்தா. என்னையப் பாத்தா. நேரா வீட்டுக்குப் போயி வெற்றியத் தூக்கியாந்து படுக்க வச்சுட்டு, வீடு வீடாப் போய் எல்லாப் புள்ளையையும் கூட்டியாந்து விட்டுட்டா. இம்புட்டுப் புள்ளைங்க ஒண்ணா வந்து எம்புட்டு நாளாச்சு. படுக்க வச்சு முடிச்சேன், மழை புடிச்சுக்கிச்சு.

ஆமா சார். அந்த மூலையில, மஞ்சள் கவுன் போட்டுக்கிட்டு, கொடிக்குக் கீழ படுத்திருக்காளே. அவதான். பேரு யாழ்மொழி. சுவத்துப் பக்கம் மூஞ்சை வச்சுத்தான் தூங்குவா, வீட்டுலயும் அப்படித்தான்.

எனக்குப் பயமா இருக்கு சார். வாயைத் திறந்து சொல்லிட்டேன், யாருகிட்டயும் சொன்னதில்ல. இந்த மழை நின்னாப் போதும். நின்னுரும். நின்னுரும்ல?

நீங்க எந்த ஊருன்னே கேக்கலை பாருங்க, நானே பேசிக்கிட்டிருக்கேன். மழைக்கு ஒதுங்குனவருன்னு நினைச்சேன். என்ன, இங்கேயேதான் வந்தீங்களா? தாலுகா ஆபீஸா? எலெக்சனுக்குப் பூத் போடக் கட்டடம் பாக்க வந்திருக்கீங்களா? இந்தக் கட்டடமா?

நல்லா இருக்கு சார். கட்டடம் நல்ல நிலைமையில இருக்கு. நான் இம்புட்டு நேரம் சும்மா பொழுதுபோகாமப் பேசிக்கிட்டிருந்தேன், அதை மனசுல வச்சுக்காதீங்க. ஒழுகலெல்லாம் ஒண்ணுமில்ல. வாளி வந்து கைகழுவ வச்சது.

ஏன் சார் எந்திரிச்சுட்டீங்க? மழை இன்னும் விடலையே. ஏன் வெளிய போய் நிக்குறீங்க, நனையுறீங்களே. உள்ள வாங்க. என்ன சொல்றீங்க, மழைச் சத்தத்துல கேக்கலை. பூத் போட முடியாதா? ஏன் முடியாது? ஒருநாள்தானே சார், ஓட்டுப் போட்டுட்டுப் போயிருவாங்க. ஒருநாள்கூட ஆளை உள்ள உட்கார வைக்க முடியாதுன்னா எழுதப் போறீங்க? எழுதாதீங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும். மந்திரி சொன்னதுக்கு மாறா எழுதுனா யாரைக் கேப்பாங்க? என்னையத்தான் கேப்பாங்க. ஆளை உட்கார வைக்க முடியாதுன்னு எப்படி...

ஒருநாள்கூடவா சார்?

உங்களுக்குக் கேட்டுச்சா? இல்ல, வாளி இல்ல. மணல் கொட்டுற மாதிரி. காளியக்கா, அந்தப் பாத்திரத்தைப் போடு, போட்டுட்டு வா. என் மக தலையைப் பாரு. தலையில என்ன அது வெள்ளையா? சுண்ணாம்பு. அவ முடியில சுண்ணாம்பு.

எழுப்பு அக்கா. எல்லாத்தையும் எழுப்பு. பாயி கிடக்கட்டும், செருப்பு கிடக்கட்டும். யாழு, எந்திரி சாமி, அம்மா இருக்கேன், எந்திரி. சார், அந்த ரெண்டையும் நீங்க தூக்குங்க, ஆமா, அதுங்களையும். வாசலுக்கு விடுங்க. நனையட்டும், நனைஞ்சா என்ன, சளிதானே புடிக்கும். வெற்றி, என் சேலையைப் புடிச்சுக்கோ, ஓடு. அந்த நீலக் கதவுக்கு ஓடு. அந்தா உங்கம்மா வர்றா பாரு, தலையில சாக்கைப் போட்டுக்கிட்டு வர்றா. முத்துப்பேச்சி, புடிடி, இவளைப் புடி, இன்னும் உள்ள இருக்குதுங்க, நான் போறேன்.

எல்லாம் வந்துருச்சா? காளியக்கா, எண்ணு. மறுபடியும் எண்ணு. வந்துருச்சா? யாரும் உள்ள இல்லையே? சரி. சரி.

சார், இங்க வாங்க, ஒரு நிமிசம். இப்படித் திண்டாடவச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க. உங்க சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மெதுவாச் சொல்றேன், முத்துப்பேச்சி காதுல விழுந்துரக் கூடாது. யாராவது போன் போட்டுக் கேட்டா, கட்டடம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுங்க. புள்ளைங்க மழை பாக்கணும்னு அடம் புடிச்சுச்சு, அதான் டீச்சர் வெளிய கூட்டிட்டு வந்தாங்கன்னு சொல்லுங்க.